நினைவுப் பரிசாக வந்த டானி போர்ட்: திறப்பது எப்படி, ஏமாற்றினால் என்ன செய்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போர்ட் என்பது ஸ்பிரிட் சேர்த்துச் செய்யும் போர்ச்சுகீசிய இனிப்பு ஒயின்; டானி அதில் ஒரு வகை. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்துக்குச் சுற்றுலா போனவர்கள் வாங்கி வந்த டானி போர்ட், குடிப்பதற்கு நேரம் பார்த்துப் பார்த்தே அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும். கடைசியில் திறக்கும்போது தக்கை உடைகிறது. ஊற்றிப் பார்த்தால் வெறும் சர்க்கரைத் தண்ணீர் போல இருக்கிறது. அந்த பாட்டிலை வைத்துக்கொண்டு வரும் கேள்விகள்தான் இவை.

இன்னும் சில ஆண்டு வைத்திருந்தால் சுவை கூடுமா?

கூடாது. டானி முதிர்வது மரப் பீப்பாயில்தான். பலகை வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே புகும், ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும், சிவப்பு நிறம் செங்கல் நிறமாகி அப்புறம் தேன் நிறத்துக்கு வரும். பாட்டிலில் அடைத்த அன்றே அந்த வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இறக்கம்தான். நல்ல டானி மெதுவாக இறங்கும், சாதாரண டானி சீக்கிரம் இறங்கும்.

விண்டேஜ் போர்ட் வேறு சங்கதி. அது பீப்பாயில் இரண்டு மூன்று ஆண்டுகளே இருந்துவிட்டு, பாட்டிலுக்குள் பல பத்தாண்டுகள் முதிரும் வகை. "பழைய போர்ட் என்றால் மதிப்பு" என்ற பேச்சு அதைப் பற்றியது. அதைக் கேட்டுவிட்டு டானியைப் பூட்டி வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. இன்றைக்கே திறக்கலாம்.

என்னிடம் இருப்பது எந்த ரகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன் லேபிளில் வயது எதுவும் போடாமல் "டானி" அல்லது "ஃபைன் டானி" என்று மட்டும் இருந்தால், அது அடிமட்ட ரகம். இது பெரும்பாலும் சுமார் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்ட ஒயின். வெளிர் நிறம் முதிர்ச்சியால் வந்திருக்க வேண்டும் என்றில்லை. தோலிலிருந்து சாயம் அதிகம் இறங்காத இளம் ஒயினைத் தேர்ந்தெடுப்பதாலும், சில சமயம் வெள்ளை போர்ட் கலப்பதாலும் அந்த நிறம் கிடைத்துவிடும். கப்பல் வடிவ பாட்டில், சேவல் படம் போட்ட பீங்கான் பாட்டில், மரப்பெட்டிக்குள் இரண்டு கிளாஸோடு வரும் பாட்டில் ஆகியவற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான். கொடுத்த காசில் பெரும்பங்கு பாட்டிலுக்கும் பெட்டிக்கும் போயிருக்கும்.

"ரிசர்வா" என்றிருந்தால் ஒரு படி மேல். ஆறேழு ஆண்டுகள் மரத்தில் இருந்திருக்கும். 10, 20, 30, 40 என்று எண் போட்டவை பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து செய்தவை. அந்த எண், பாட்டிலில் உள்ள ஒவ்வொரு சொட்டின் வயதும் அல்ல. அந்த வயதுக்குரிய குணம் இருக்கிறதா என்று டௌரோ, போர்ட்டோ ஒயின்களுக்கான அரசு நிறுவனமான ஐவிடிபியின் சுவைக் குழு பார்த்து ஒப்புதல் தருகிறது. "கொல்யெய்ட்டா" என்றால் ஒரே ஆண்டு அறுவடை, குறைந்தது 7 ஆண்டுகள் மரத்தில்.

லேபிளில் மிக முக்கியமான வரி பின்பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை: போர்ச்சுகீசிய மொழியில் "எங்கர்ராஃபாடோ" என்று தொடங்கி ஓர் ஆண்டு போட்டிருக்கும். பாட்டிலில் அடைத்த ஆண்டு அது. வயது குறித்த டானியிலும் கொல்யெய்ட்டாவிலும் இதைப் பார்க்கலாம். 1998இல் அடைத்த 10 ஆண்டு டானி இன்று 30 ஆண்டு டானி ஆகிவிடாது. களைத்துப்போன 10 ஆண்டு டானிதான் அது.

அங்கே ருசி பார்த்தபோது அருமையாக இருந்ததே?

போர்ட்டோவுக்கு எதிர்க்கரையான விலா நோவா டி காயாவில் ஆற்றங்கரைக் கிடங்குகளில் ஊற்றித் தருவது அண்மையில் அடைத்தது, குளிர வைத்தது, பல நேரம் ஒரு ரகம் மேலானது. அந்தக் கிடங்குகள் இருக்கும் சரிவு வடக்குப் பார்த்தது. வெயில் குறைவு, அட்லாண்டிக் ஈரம் அதிகம். ஒயின் அங்கே சுகமாக இருக்கும். கிளம்பும் அவசரத்தில் கடையில் எடுத்த பாட்டில் வேறு ரகம். அதன் பிறகு அது கண்ட வாழ்க்கையும் வேறு. சூடான பெட்டி, அறை வெப்பம், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அதைக் களைக்க வைத்துவிடும்.

திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பாட்டில் படுத்திருந்தால் ஒரு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் முன்பே குளிர வையுங்கள். டானிக்கு 10 முதல் 14 டிகிரி செல்சியஸ் சரி. அறை வெப்பத்தில் ஊற்றினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், இனிப்பு பிசுபிசுக்கும். "சுவையே இல்லை" என்று ஒதுக்கப்படும் பாட்டில்களில் பாதியாவது இந்த ஒரு காரணத்தால்தான் ஒதுக்கப்படுகிறது என்பது எங்கள் எண்ணம்.

விண்டேஜைப் போல டிகேன்டர் (ஒயினை வண்டலிலிருந்து பிரித்து ஊற்றி வைக்கும் ஜாடி) எதுவும் வேண்டாம். டானியை வடிகட்டித்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். மிகப் பழையதில் கொஞ்சம் வண்டல் தெரிந்தால், கடைசி இரண்டு விரல் அளவை ஊற்றாமல் நிறுத்திவிடுங்கள். அடியில் மினுங்கும் துகள்கள் டார்டரேட் படிகங்கள். கண்ணாடித் தூள் என்று பயப்படத் தேவையில்லை.

தக்கையை எப்படி எடுப்பது?

பெரும்பாலான டானியில் வருவது மேலே பிளாஸ்டிக் தலை, கீழே குட்டைக் கார்க் கொண்ட தக்கை. கார்க்ஸ்குரூ தேவையில்லை.

முதலில் கழுத்து உறையை வெட்டி எடுங்கள். தக்கைக்கு மேலே குறுக்காக ஒட்டிய காகிதப் பட்டை ஐவிடிபியின் உத்தரவாத முத்திரை, எண் அச்சிட்டிருக்கும். அதைக் கத்தி நுனியால் இருபுறமும் கீறிவிடுங்கள். கிழியாமல் தக்கையைத் திருப்பினால் காகிதம் சுருண்டு உள்ளே விழும். பாட்டில் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். 1990களுக்கு முந்தைய பாட்டிலில் ஈயத் தகட்டு உறை இருந்திருக்கலாம். அப்படியானால் உறையை முழுவதும் அகற்றி, வாயை இரண்டு முறை துடைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும்.

இப்போது தக்கையின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் பாட்டிலைச் சுழற்றுங்கள். முதலில் முன்னும் பின்னும் சிறு அசைவு. தக்கை உள்ளே நழுவுவது கையில் தெரியும்; தெரிந்த பிறகு சுழற்றிக்கொண்டே மேலே இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டக் கூடாது. தலையும் கார்க்கும் வெறும் பசையால் ஒட்டியவை, ஆட்டினால் அங்கேதான் விட்டுப்போகும்.

அசையவே இல்லை. என்ன செய்ய?

ஒயின் கசிந்து, தண்ணீர் ஆவியாகி, மிஞ்சிய சர்க்கரை தக்கையைக் கண்ணாடியோடு சேர்த்து ஒட்டிவிட்டது. பலம் தேவையில்லை, சூடு தேவை. கை பொறுக்கும் அளவு சுடுநீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தக்கைக்குச் சற்றுக் கீழே கழுத்தைச் சுற்றி இரண்டு நிமிடம் கட்டி வையுங்கள். சர்க்கரை இளகும், கண்ணாடியும் மயிரிழை விரியும். பீங்கான் பாட்டில் என்றால் ஐந்து நிமிடம். வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். குளிர்ந்த பாட்டில் மேல் கொதிநீர் ஊற்றாதீர்கள், கழுத்து வெடிக்கும். இடுக்கியால் பிளாஸ்டிக் தலையைத் திருகுவதும் வேண்டாம். அதன் விளைவு அடுத்த கேள்வி.

தலை மட்டும் கையோடு வந்துவிட்டது, கார்க் உள்ளே நிற்கிறது.

இந்தக் கார்க் சுமார் 2 சென்டிமீட்டர் நீளம்தான். கார்க்ஸ்குரூவின் சுருள் அதைவிடப் பெரியது என்பதால், வழக்கம் போல முழுக்கத் திருகினால் நுனி துளைத்துக்கொண்டு போகும், கார்க்கும் தூளாகும். சற்றுச் சாய்வாகக் குத்தி, இரண்டு மூன்று சுற்றோடு நிறுத்தி, நேராக மெதுவாக இழுங்கள். இரட்டைத் தகடு கொண்ட தக்கை எடுப்பான் இருந்தால் அதைவிட நல்லது: இரண்டு தகடுகளையும் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி இறக்கி, திருகிக்கொண்டே எடுக்கலாம். காய்ந்துபோன கார்க்குக்கு இதுவே பொருத்தம்.

இரண்டும் ஒத்துவரவில்லையா? மரக்குச்சியால் கார்க்கை உள்ளே தள்ளிவிடுங்கள். அவமானம் ஒன்றும் இல்லை. ஊற்றும்போது கார்க் வாயை அடைக்காமல் அதே குச்சியால் பிடித்துக்கொண்டு, முழுவதையும் சுத்தமான ஜாடிக்கு மாற்றிவிட வேண்டும்.

கார்க் தூள் விழுந்துவிட்டது.

உடலுக்குக் கெடுதல் இல்லை. மஸ்லின் துணியிலோ காபி வடிகட்டும் காகிதத்திலோ வடிகட்டுங்கள். காகிதத்தை முதலில் வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காகித வாடை ஒயினில் ஏறும். வாசனைப் பொடி போட்டுத் துவைத்த துணியும் ஆகாது.

பாட்டிலில் அளவு குறைந்திருக்கிறது. யாராவது குடித்திருப்பார்களா?

முத்திரை முழுசாக இருந்தால் இல்லை. பல ஆண்டு நின்ற பாட்டிலில் கழுத்துப் பகுதியில் 2-3 சென்டிமீட்டர் இறங்குவது சகஜம். தோள் வரை இறங்கி, கழுத்தைச் சுற்றிப் பிசுக்கு வளையமும் இருந்தால் பாட்டில் எப்போதோ சூடு கண்டிருக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், குளிரும்போது காற்று உள்ளே வரும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு திறங்கள்.

ஏமாற்றமாக இருக்கிறது. இது கெட்டுப்போனதா, இல்லை இவ்வளவுதானா?

இந்தக் கேள்விக்குப் பதில் மூக்கில் இருக்கிறது, நாக்கில் இல்லை. 60 மில்லி ஊற்றுங்கள். கிளாஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிறையக் கூடாது. பரிசுப் பெட்டியோடு வரும் விரல் அகலக் கிளாஸை ஒதுக்கிவிட்டு, சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் எடுங்கள். போர்ட்டுக்கென்றே 2001இல் கட்டடக் கலைஞர் ஆல்வரோ சீசா வடிவமைத்த கிளாஸும் இப்படி மேலே குவிந்ததுதான். முதலில் ஒரு முறை முகர்ந்து பாருங்கள். கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி முகருங்கள். இந்த இரண்டாவது முகர்தலில்தான் விஷயம் தெரியும்.

மூடிக் கிடந்த பாட்டிலின் புழுங்கல் வாடை கால் மணியில் பறந்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிய நிலவறை போன்ற வாடை வந்து, நேரம் ஆக ஆக அது கூடிக்கொண்டே போனால் கார்க் பழுது. டிசிஏ என்று சுருக்கிச் சொல்லப்படும் சேர்மம் அது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். உடலுக்கு ஆபத்தில்லை, ஆனால் சரிசெய்யவும் வழியில்லை. கொட்டிவிடுங்கள்.

நெயில் பாலிஷ் நீக்கும் திரவத்தின் நெடி கூர்மையாக அடித்தால், எத்தில் அசிடேட் அளவு மீறியிருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: 30, 40 ஆண்டு டானியில் அந்த நெடி மெலிதாக இருப்பது குற்றமல்ல, அந்த ரகத்தின் துள்ளலே அதுதான். மூன்று வயது ஒயினில் இருந்தால் மட்டும் குற்றம்.

வேகவைத்த ஜாம், கருகிய சர்க்கரை, கூடவே வாயில் நடுவே சுவை வெறுமையாகத் தெரிவது என்றால் வெப்பத்தின் வேலை. பழுப்பு நிறம், மங்கிய மணம், நாக்கில் இனிப்பு மட்டும் முன்னே நின்று உடனே காணாமல் போவது என்றால் பாட்டிலில் நாளாகிக் களைத்திருக்கிறது.

வாதுமை, கேரமல், உலர் அத்தி, ஆரஞ்சுத் தோல், மெல்லிய வெந்தய மணம் வந்தால் ஒயின் நலமாகவே இருக்கிறது. வெந்தய மணத்துக்குக் காரணம் சோடோலோன். வெந்தயத்தில் இருக்கும் அதே சேர்மம் டானியில் மரத்தில் முதிர முதிரக் கூடுகிறது.

மேலே சொன்ன எந்தப் பழுதும் இல்லாமல், செம்பழ ஜாம் மணமும் எரிச்சலான ஆல்கஹாலும் மட்டுமே இருந்தால், பழுதில்லாத சாதாரண டானி அது. குறை ஒயினில் இல்லை, பெட்டியின் பகட்டில் இருக்கிறது.

வினிகராகியிருக்குமா? குடித்தால் ஆபத்தா?

வினிகராவது மிக அரிது. போர்ட்டில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம்; அந்த அளவில் அசிட்டிக் பாக்டீரியா வளர முடியாது. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்த்து நொதித்தலை நிறுத்துவதுதான் போர்ட் செய்முறை. மரபுக் கணக்கில் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் ஸ்பிரிட், மொத்தம் 550 லிட்டர், அதாவது ஒரு பீப்பாய். நொதிக்காமல் நின்ற சர்க்கரை லிட்டருக்குச் சுமார் 100 கிராம் அளவில் மிஞ்சும். பழைய டானி சுவையற்றுப் போகும், விஷமாகாது. 75 மில்லி என்றால் 15 மில்லி தூய ஆல்கஹால் என்ற கணக்கு மட்டும் நினைவிருக்கட்டும். இனிப்பாக இறங்குவதால் அளவு தெரியாது.

சாதாரண டானியைக் கொஞ்சமாவது ரசிக்கும்படி செய்ய முடியுமா?

முடியும். 8-10 டிகிரி வரை நன்றாகக் குளிரவையுங்கள், இனிப்பு பின்வாங்கும். உப்பும் கொழுப்பும் உள்ள எதையாவது உடன் வையுங்கள். வறுத்து உப்பிட்ட பாதாம் முதல் தேர்வு. டௌரோ பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் திராட்சைக்குப் பக்கத்திலேயே பாதாமும் விளைகிறது. அசோர் தீவுகளின் சாவோ ஜோர்ஜே போன்ற கெட்டியான சீஸ் நன்றாகச் சேரும். பாஸ்டெல் டி நாட்டா போன்ற முட்டை இனிப்போடு 10 ஆண்டு டானி தாக்குப்பிடிக்கும். அடிமட்ட டானி அதன் முன்னால் தண்ணீராகத் தெரியும். சாக்லேட் கேக் எந்த டானிக்கும் எதிரி என்பது எங்கள் கட்சி, மறுப்பவர்களும் உண்டு.

நீளமான கிளாஸில் ஐஸ் நிரப்பி, 60 மில்லி டானி, 120 மில்லி டானிக் வாட்டர், பிழிந்த ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்று. போர்ச்சுகலில் இது வெள்ளை போர்ட்டில் செய்வது; சுமாரான டானிக்கும் பொருந்தும். டானிக்கின் கசப்பு இனிப்பை அடக்கிவிடும்.

சமையலுக்கு ஆகுமா?

களைத்த பாட்டிலுக்கு இதுதான் நல்ல முடிவு. கார்க் பழுதோ நெயில் பாலிஷ் நெடியோ இருந்தால் மட்டும் வேண்டாம்.

சாஸுக்கு: 200 மில்லி டானியை அகலமான வாணலியில் மிதமான தீயில் 60-70 மில்லியாகும் வரை சுண்ட விடுங்கள், பத்து நிமிடம் ஆகும். 200 மில்லியில் ஏற்கெனவே 20 கிராம் சர்க்கரை இருப்பதால் மேலே சேர்க்காதீர்கள். கரண்டியின் பின்பக்கம் மெலிதாகப் படியும்போதே இறக்குங்கள். ஆறினால் தானே கெட்டிப்படும். அடுப்பிலேயே கெட்டியானால் ஆறியபின் கசப்புப் பாகுதான். போர்ட்டை வாணலியில் ஊற்றும்போது தீயை அணைத்துக்கொள்ளுங்கள், சூடான ஆல்கஹால் ஆவி சட்டென்று பற்றும்.

பேரிக்காய்க்கு: தோல் சீவிய நான்கு காய், 400 மில்லி டானி, 200 மில்லி தண்ணீர், ஒரு பட்டைத் துண்டு, ஆரஞ்சுத் தோல். கொதிக்க விடாமல் 25-30 நிமிடம் சிறுதீயில் வைத்து, அதே சாற்றில் ஓர் இரவு ஊற விடுங்கள். பிராகா நகரத்துப் புகழ்பெற்ற இனிப்பான புடிம் அபாடி டி பிரிஸ்கோஸிலும் முட்டை மஞ்சள் கருவோடு போர்ட் சேர்கிறது. அதைச் செய்ய நல்ல கைப்பழக்கம் வேண்டும், பேரிக்காய்க்கு வேண்டாம்.

திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம்?

சாதாரண டானியும் ரிசர்வாவும் மூன்று நான்கு வாரம். வயது குறித்தவையும் கொல்யெய்ட்டாவும் ஒன்றிலிருந்து நான்கு மாதம். குளிர்சாதனப் பெட்டியில், நிமிர்த்தி, இறுக மூடி. பாதிக்குமேல் காலியானால் சிறிய பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். ஈயக் கலப்புள்ள படிக டிகேன்டரில் வாரக்கணக்கில் விடக் கூடாது. ஒயினின் அமிலத்தில் ஈயம் இறங்கும்.

5 சென்டிலிட்டர் (50 மில்லி) குட்டி பாட்டில்கள்?

இவைதான் முதலில் வீணாவது. திருகு மூடி முழு இறுக்கம் கிடையாது, உள்ளே ஒயினோ கொஞ்சம். ஓராண்டு தாண்டியிருந்தால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒரே ரகத்தில் நான்கைந்து இருந்தால் மேலே சொன்ன சாஸுக்கு அளவு சரியாக வரும்.

லேபிளில் "டானி" என்று இருக்கிறது, ஆனால் போர்ச்சுகல் என்று இல்லையே?

ஆஸ்திரேலியாவாக இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே "போர்ட்" என்ற பெயரைக் கைவிட்டு "டானி" என்று மட்டும் போடுகிறார்கள். பழைய பாட்டிலில் இரண்டும் சேர்ந்திருக்கும். மட்டம் என்று நினைத்துவிட வேண்டாம்: பரோசாவில் உள்ள செப்பல்ட்ஸ்ஃபீல்டில் 1878 முதல் ஆண்டுதோறும் நூறாண்டு டானிக்கென்று பீப்பாய் ஒதுக்கி வருகிறார்கள். திறக்கும் முறையும் வைத்திருக்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றே.

திறக்காமலேயே விற்றால் நல்ல விலை போகுமா?

வயது போடாத டானி என்றால் போகாது.

அடுத்த முறை எதை வாங்குவது?

ஒரே காசில் அலங்கார பாட்டிலும் வெறும் 10 ஆண்டு டானியும் இருந்தால், வெறும் பாட்டிலை எடுங்கள். 20 ஆண்டு டானி அரை பாட்டிலில் கிடைத்தால் இன்னும் நல்லது. பின்பக்கம் திருப்பி, அடைத்த ஆண்டு அண்மையதா என்று பாருங்கள். கடை ஜன்னலில் வெயில் படும்படி நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளே இருப்பதிலிருந்து ஒன்று கேளுங்கள். ஊருக்கு வந்ததும் ஓராண்டுக்குள் திறந்துவிடுங்கள்.

காலி பாட்டிலை அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரை மூன்று முறை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள், தக்கையையும் சேர்த்துக் கழுவுங்கள். சர்க்கரை மிஞ்சினால் பழ ஈக்கள் மொய்க்கும். லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் தலைகீழாகக் காயவிட்டு, உள்ளே ஈரம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகு மூடுங்கள். பீங்கான் பாட்டிலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு வாரம் விடுவது நல்லது.